அண்ணியின் விங்க்

என் அண்ணனைக் கோபக்காரன் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபக்காரன் என்றால் எல்லோரிடமும்தானே கோபப்பட வேண்டும்? நேற்று ஒட்டிய டியூபில் இன்று காற்று நிற்கவில்லை என்று அவன் பஞ்சர் கடைக்கு வந்து கத்துகிற போலீஸ்காரரிடம் அவன் பல்லைக் காட்டுவான். வீட்டு ஓனர் தெருமுனையில் வரும்போதே எழுந்து நின்றுவிடுவான். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் அவனுக்குக் கோபமே வரும். அதற்கு வேறு பெயர் இருக்கிறது. எழுதினால் நன்றாக இருக்காது.

அவன் கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது அண்ணியைப் பற்றி.

அண்ணிக்கு மிளகாய் அரைக்கிற மில்லில் வேலை. நானும் அங்கேதான் பாக்கெட்டுக்கு சீல் வைக்கிறேன். என் கல்யாணம் சரிப்பட்டு வராமல் அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தபோது, அண்ணிதான் என்னை மில்லுக்குக் கூட்டிப்போனார். புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே தும்மத் தொடங்கிவிடுவார்கள். கண், மூக்கு, தொண்டை எல்லாம் எரியும். சாயங்காலம் குளித்தாலும் தலையணையில் கார வாடை இருக்கும். அண்ணி தும்மி யாரும் பார்த்ததில்லை. மிஷின் வாயில் மூட்டையைக் கவிழ்த்துவிட்டு, பறக்கிற தூளுக்குள் நின்றபடியே ஊர்க்கதை பேசுவார்.

ஐயோ பாவம் ரகம் இல்லை அவர். ஒரு தடவை மூட்டை தூக்க வந்த ஆள் ஒருவன் அவர் இடுப்பில் கை வைத்தான். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கை தூளை அள்ளி அவன் முகத்தில் அப்பினார். அன்று முழுக்க அவன் குழாயடியை விட்டு நகரவில்லை. கத்துகிற சத்தம் மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

அப்படிப்பட்டவர் வீட்டில் எப்படி அடி வாங்கினார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

"மில்லுல ஒருத்தன் கை வெச்சா, அடிச்சிட்டு வீட்டுக்கு வந்துடலாம்மா. வீட்ல அடிச்சா எங்க போறது?" என்றார்.

நானே அவர்கள் வீட்டுப் பின்னறையில் ஓசிக்குத்தான் குடியிருக்கிறேன்.

அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அவ்வளவுதான் காரணம். அண்ணன் கையில் கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அடிக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. இடது காதுக்குக் கீழே, தாடை தொடங்குகிற இடத்தில் விழுந்தது. விறகு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். அண்ணி சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தார். வாயிலிருந்து ஒரு பல்லை எடுத்துப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார்.

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் தானாக ஒரு பக்கம் வழிந்தது. அண்ணி நிமிர்ந்தபோது பார்த்தால் முகத்தின் இடது பாதி தொங்கிக் கிடக்கிறது. புருவம் ஏறவில்லை, உதடு அசையவில்லை. இடது கண் திறந்தபடியே இருந்தது. மூடச் சொன்னால் வலது கண் மட்டும் மூடியது.

ஆஸ்பத்திரியில் அண்ணி, "படியில விழுந்துட்டேன்" என்றார். டாக்டரம்மா காதுக்குக் கீழே ஸ்பேனர் வாய் பதிந்திருந்த காயத்தை விளக்கு அடித்துப் பார்த்தார்.

"உங்க வீட்டுப் படியில ஸ்பேனர் எல்லாம் பதிச்சிருக்காங்களா?"

டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, விஷயத்தை உடைத்துச் சொன்னார். முகத்து நரம்பு நசுங்கியிருக்கிறது. தேறலாம், தேறாமலும் போகலாம். அதுவரை கண்தான் கவலை. மூடாத கண் காய்ந்துபோகும், கருவிழியில் புண் வரும், அப்புறம் பார்வை போய்விடும். சொட்டு மருந்து விடவேண்டும். தூங்கும்போது இமையை டேப் போட்டு ஒட்டவேண்டும். தினமும் பயிற்சிக்கு வரவேண்டும்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"மிளகா மில்லு."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மில்லை விட்டால் நாள் முழுக்க வீட்டில் கிடக்கவேண்டும். அதற்கு மிளகாய்த் தூளே மேல் என்று அண்ணி நினைத்தார். வெல்டர்கள் போடுகிற பெரிய கண்ணாடியை வாங்கி, ஓரத்தில் துணி வைத்துத் தைத்து, முகத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். அப்படியும் தூள் உள்ளே போகும். அப்போது மிஷினை நிறுத்திவிட்டுக் குழாயடிக்கு ஓடுவார். மூட முடியாத கண்ணுக்குள் காரம் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு தரையைக் காலால் உதைப்பதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

முகம் தொங்கிய பிறகாவது அண்ணன் அடங்கினானா என்றால், அதுவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் தனக்கு எரிச்சல் வருகிறது என்று அதற்கும் அடித்தான்.

அடி விழும்போது யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறோம். அண்ணியால் அந்த இடது கண்ணை மூட முடியாது. ஒரு நாள் மில்லில் சாப்பிடும்போது சர்வசாதாரணமாகச் சொன்னார்.

"முன்னெல்லாம் கண்ண மூடிட்டு, எப்ப முடியும்னு இருப்பேன். இப்ப எல்லாமே தெரியுது. உங்கண்ணன் அடிக்கும்போது நாக்கைக் கடிச்சுக்கறாரும்மா. இத்தனை வருஷமா எனக்கு அது தெரியவே தெரியாது."

சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார்.

பயிற்சி நடக்கிற அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருந்தது. ஒரு சுவர் முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி. அதற்கு எதிரே ஒரு நீள பெஞ்சு. வாயும் கண்ணும் கோணியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் தூங்கி எழுந்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்ட லாரி டிரைவர், ஸ்கூட்டரிலிருந்து விழுந்த டியூஷன் டீச்சர், இன்னும் சிலர். பயிற்சி சொல்லித்தருகிறவர் சின்ன வயது, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டார்கள். வெட்கப்பட்டே செத்துப்போகிற ஆள்.

"புருவத்தைத் தூக்குங்க. மூக்கைச் சுருக்குங்க. கன்னத்தை உப்புங்க. விசில் அடிங்க" என்று எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். ஒன்றே ஒன்றை மட்டும் இங்கிலீஷில் சொல்வார்.

"விங்க் பண்ணுங்க."

முதல் நாளே அண்ணி கேட்டார். "அது என்ன சார் விங்க்?"

சாருக்குக் காது சிவந்தது. "அது... ஒரு எக்சர்சைஸ்மா" என்று சொல்லிவிட்டுத் தன் முகத்திலேயே செய்து காட்டினார். ஒரு கண்ணை மட்டும் மெதுவாக, மெதுவாக மூடி, அப்படியே சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்று, பிறகு திறந்தார். அதைப் பார்த்தால் யாருக்கும் கண்ணடிக்கிற ஞாபகமே வராது. கண்ணில் தூசி விழுந்தவருக்கு முதலுதவி செய்கிற மாதிரி இருந்தது. சொட்டு மருந்து விட அவர் கையைக் கொண்டுவந்தபோது, "பயப்படாதீங்கம்மா" என்றார்.

"உங்க கைக்கா?" என்றார் அண்ணி.

டிரைவர் கோணல் வாயோடு சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த பெஞ்சில் அண்ணி வைத்ததுதான் சட்டம்.

அண்ணிக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. மிஷின், லாரி, டியூப் என்று நாம் எல்லோருமே புழங்குகிற இங்கிலீஷ் வேறு. இது டாக்டருக்குப் படித்தவர்கள் பேசுகிற இங்கிலீஷ் என்பது அவர் நினைப்பு. மில்லில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால், "இருங்கடி, நான் போய் விங்க் பண்ணிட்டு வர்றேன்" என்று கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே போவார். சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பிடித்து, வலது கண்ணைத் திறந்து வைத்து, இடதை மூடப் பார்ப்பார். இமை நடுங்கும். ஒரு மயிரிழை இறங்கும், அத்தோடு நின்றுவிடும். எங்களில் ஒருத்திக்கும் அந்த வார்த்தை தெரியாது. நாங்களும், "இன்னைக்கு விங்க் ஆச்சாக்கா?" என்று மாத்திரை போட்டாயிற்றா என்று விசாரிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தோம்.

மதியம் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோவது அண்ணிதான். பஞ்சர் கடை மில்லுக்கு இரண்டு தெரு தள்ளி. அன்று நானும் கூடப் போயிருந்தேன். அண்ணன் ஒரு டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். டயருக்குச் சொந்தக்காரரான கொரியர்காரர் பக்கத்தில் நின்றார். அண்ணியின் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"என்னக்கா ஆச்சு முகத்துக்கு?"

"ஒண்ணுமில்ல தம்பி. நரம்பு. தினமும் விங்க் பண்றேன், சரியாயிடும்."

கொரியர்காரர் முழித்தார். "என்ன பண்றீங்க?"

"விங்க். ஆஸ்பத்திரில சொல்லித் தர்றாங்க. ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பண்ணுவோம். எங்க சார் நல்லா பண்ணுவாரு. எனக்குத்தான் இன்னும் சரியா வரல."

அந்த ஆளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏன் சிரிக்கிறார் என்று தெரியாமல் அண்ணியும் பாதி வாயால் சிரித்தார். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். அதற்குப் பிறகு கடையில் என்ன பேச்சு நடந்தது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

அண்ணன் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. கதவைத் தாழ் போட்டான்.

"பண்ணிக் காட்டுடி" என்றான்.

"என்னத்தங்க?"

"அதான், ஊர்ல இருக்கறவன் முன்னாடியெல்லாம் பண்றியே. விங்க். எனக்குப் பண்ணிக் காட்டு."

அண்ணி, பாவம், உண்மையாகவே கேட்கிறான் என்று நினைத்துவிட்டார். அவர் முகத்தைப் பற்றி அவன் கேட்டதே அதுதான் முதல் தடவை. தலையை நிமிர்த்தி வலது கண்ணைத் திறந்து வைத்து இடதை மூட முயன்றார். இமை நடுங்கியது. மூடவில்லை.

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"அவனுங்களுக்கு வரும், எனக்கு வராதா? பண்ணு!"

மறுபடி முயன்றார். மறுபடி அறைந்தான். பிறகு கையை மடக்கிக் குத்தினான். மயிரைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். "கட்டின புருஷன் இங்க இருக்கான், நீ ஆஸ்பத்திரில போய் வரிசையா உட்கார்ந்து கண்ணடிக்கிறியாடி? வாத்தியார் வெச்சுக் கண்ணடிக்கிறியா?" நான் பின்னறையிலிருந்து ஓடிவந்து அவன் கையைப் பிடித்தேன். அவன் என் சுண்டு விரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தான். அது ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

அவன் கை ஓய்ந்து வெளியே போன பிறகு, அண்ணி தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்தார். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"அதுக்குப் பேரு கண்ணடிக்கிறதாம்மா?"

"அப்படித்தான் போல அண்ணி."

"அடப்பாவி சார்!" என்றார். பிறகு சிரித்தார். எனக்கு விரல் வலியில் உயிர் போகிறது, இவர் சிரிக்கிறார். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. கண்ணுக்கு நேரே வந்த குத்தைக்கூட மூடாமல் பார்த்தேன் என்றார். இனி இந்தக் கண் தேறாது என்றும் சொன்னார். அண்ணி அப்படி நம்பிக்கை விட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, போனால் காலை ஒடிப்பேன் என்பது அண்ணனின் உத்தரவு. மறுநாள் காலை அவன் கடை திறக்கப் போனதும் நாங்கள் இருவரும் கிளம்பிவிட்டோம். என் விரலுக்கு எப்படியும் கட்டு போடவேண்டும். கட்டு முடிந்ததும் அண்ணி நேரே பயிற்சி அறைக்கு நடந்தார்.

அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சார் கையிலிருந்த மருந்துப் பாட்டில் நழுவியது.

"ஏன் சார், அதைத் தமிழ்ல சொல்றதுக்கு என்ன கேடு?"

சார் குனிந்து பாட்டிலைத் தேடினார். "ஒரு லேடிகிட்ட... அந்த வார்த்தையை எப்படிம்மா சொல்றது? தப்பா நினைச்சுப்பீங்கன்னு..."

"நீங்க மரியாதை பார்த்தீங்க. அதுக்கு நான் வாங்கினதைப் பாருங்க. இவ விரலையும் பாருங்க. முதல்லயே சொல்லியிருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பேன்ல? கடைத்தெருவுல நின்னு பெருமையா சொல்லியிருப்பேனா?"

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெட்கம் மனிதர்களுக்குள்ளே இப்படியெல்லாம் வேலை செய்யும் என்று அந்தப் பிள்ளை கனவிலும் நினைத்திருக்க மாட்டார். எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, தலையைத் தடவிக்கொடுக்கவும் தோன்றியது.

"சரி, விடுங்க. பயிற்சியை ஆரம்பிங்க" என்று அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தார். "இனிமே தமிழ்லயே சொல்லணும்."

புருவம், மூக்கு, கன்னம், விசில் எல்லாம் முடிந்தன. சார் தரையைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "எல்லாரும்... கண்ணடிங்க" என்றார்.

எல்லோரும் கண்ணாடியைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் எங்களுக்குப் பின்னால் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தான். வீடு பூட்டிக் கிடப்பதையும் நாங்கள் மில்லில் இல்லாததையும் பார்த்திருக்கிறான். கையில் டயர் கழற்றுகிற நீளக் கம்பி. அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், கண்ணாடிக்குள் அத்தனை பேரும் அவனைப் பார்த்துத்தான் கண்ணடித்திருப்பார்கள்.

கம்பியின் முதல் வீச்சு கண்ணாடியில் விழுந்தது. சுவரே உடைந்து விழுகிற மாதிரி சில்லுகள் கொட்டின. டீச்சர் வீறிட்டார். "யார்றா அந்த வாத்தி?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் சாரின் தோளில் அடித்தான். எலும்பு முறிந்து சார் மேசையோடு விழுந்தார். டிரைவர் பின்னாலிருந்து பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்தார். அண்ணன் முழங்கையால் அவர் மூக்கை உடைத்தான். நான் ஒரு ஸ்டூலைத் தூக்கி அவன் முதுகில் எறிந்தேன். விரல் ஒடிந்த கையின் எறி, அவனுக்கு உறைக்கவே இல்லை. அவன் அண்ணியிடம் போய்விட்டான்.

நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். கம்பி மேலே போகிறது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறான். அண்ணி இடது கையைத் தூக்கித் தலையை மறைத்தார். கம்பி முன்னங்கையில் விழுந்து, வழுக்கி, நெற்றியைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அண்ணி சில்லுகளின் மேல் விழுந்தார்.

பிறகு அண்ணியின் குரல் கேட்டது. அழுகை என்று நினைத்தேன்.

"மூடிடுச்சு! சார், மூடிடுச்சு! பார்த்தீங்களா?"

மேசைக்கு அடியிலிருந்து சார் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தார்.

"கம்பி வரும்போது இருட்டாச்சு சார்! ரெண்டு கண்ணுலயும் இருட்டாச்சு! தானாவே மூடிடுச்சு!"

சிரித்துக்கொண்டே அண்ணி எழுந்தார். இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துத் தொங்கியது. நெற்றி ரத்தம் வலது கண்ணை மறைத்துவிட்டது. இடது கண்ணால் அண்ணனைப் பார்த்தார். அவனை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தார்.

"கை ஓங்கு" என்றார்.

அண்ணனை அவர் ஒருமையில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பைத்தியமாடி உனக்கு?" என்றான் அண்ணன். பாதிக் குரல்தான் வந்தது.

"ஓங்கு. இன்னொரு தடவை பார்க்கணும். நிஜமாவே மூடுதான்னு எனக்குத் தெரியணும். ஓங்குடா!"

கம்பி அவன் கையில்தான் இருந்தது. அது மேலே வரவில்லை. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வாட்ச்மேன் வந்துவிட்டார், டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். அண்ணன் அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. தன் முகத்துக்கு நேரே வந்து நிற்கிற அந்த முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணை மறைத்த ரத்தத்தைத் துடைக்க அண்ணி வலது கையைத் தூக்கினார். அண்ணன் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டான்.